நகர சபைக்கு மண்வெட்டி விற்பது: பழைய சோனகர் தெருக் கடையொன்றின் ரிவியூ

எல்லாரும் வாங்கினவர் பக்கமிருந்து ரிவியூ போடுகிறார்கள். இது விற்றவர் பக்கமிருந்து, வாங்குகிறவரைப் பற்றிய ரிவியூ. வாங்குகிறவர் உள்ளூராட்சி மன்றம். கொழும்பு மாவட்டத்துக்குள் மட்டும் 5 மாநகர சபை, 5 நகர சபை, 3 பிரதேச சபை இருக்கின்றன. எங்கள் ஹார்ட்வெயார் கடையிலிருந்து ஒரு லொறி ஓட்டத்துக்குள் 13 வாடிக்கையாளர்கள். எல்லாருமே வருடம் முழுக்கக் குப்பை அள்ளுகிறார்கள், கான் வெட்டுகிறார்கள், ரோட்டுக் குழி மூடுகிறார்கள். மண்வெட்டி, சவல், தள்ளுவண்டி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் அவர்களுக்கு அரிசி பருப்பு மாதிரி.

கடை அண்ணாவும் நானும் சேர்ந்து நடத்துவது. கவுண்டர் அவருக்கு, பேப்பர் வேலை எனக்கு. நான் டெண்டர் பக்கம் போக ஆரம்பித்தபோது தெருவில் எல்லாரும் சொன்ன புத்தி ஒன்றுதான்: "டெண்டரெல்லாம் பெரிய கைகளுக்கு. நமக்குக் கொட்டேஷன் போதும். மூன்று கொட்டேஷன், ஒரு ஓடர், வேலை முடிஞ்சுது." இந்த ரிவியூவின் சாரமே அந்தப் புத்தி தலைகீழ் என்பதுதான். பத்திரிகையில் அறிவித்து யாரும் விலை போடக்கூடிய திறந்த டெண்டர்தான் சின்னக் கடைக்கு உதவுகிறது. அவர்களாகத் தெரிவுசெய்த ஒரு சிலரிடம் மட்டும் விலை கேட்கிற, சுலபமாகத் தெரிகிற கொட்டேஷனில்தான் கதவு மூடியிருக்கிறது.

முதலில் விதிப் புத்தகம். அரசாங்கம் எதையும் எப்படி வாங்க வேண்டும் என்று 2006 இல் ஒரு பெறுகை வழிகாட்டல் வந்தது. அமைச்சு, திணைக்களம் மட்டுமல்ல, உள்ளூராட்சி மன்றமும் அதற்குள்தான். பதினெட்டு வருடம் அதுதான் ஓடியது. இப்போது தேசிய பெறுகை ஆணைக்குழு வெளியிட்ட 2024 வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அந்த ஆணைக்குழுவின் கதையே தனிக்கதை. அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் அதை உண்டாக்கியது, 20 ஆவது இல்லாமலாக்கியது, 21 ஆவது திரும்பக் கொண்டுவந்தது. சபைக் கந்தோர்களில் இன்னும் பாதிப் பேர் பழைய புத்தகத்தின் இலக்கங்களைத்தான் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அடிப்படை எலும்புக்கூடு மாறவில்லை என்பதால் நானும் பழைய பழக்கத்திலேயே கதைக்கிறேன்.

இனித் திறந்த டெண்டர். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

பத்திரிகையில் அறிவித்தல் வரும். 2006 புத்தகத்தில் தேசியப் போட்டி விலைமனுவுக்கு அறிவித்ததிலிருந்து மூடும் நாள்வரை குறைந்தது 21 நாள், சர்வதேசப் போட்டி என்றால் 42 நாள் என்று இருந்தது. இந்த மூன்று கிழமையைச் சும்மா இழுத்தடிப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கமிருந்து பார்த்தால் போட்டியே இந்த நாட்களில்தான் இருக்கிறது. பெரிய இறக்குமதிக்காரருக்கு மூன்று நாள் போதும். சாமான் அவருடைய களஞ்சியத்தில், பிணை அவருடைய வங்கிக் கணக்கில், பழைய டெண்டர் பைல் அவருடைய மேசையில். எனக்கு நாலு இடத்தில் விலை கேட்க வேண்டும், மாதிரி ஒன்று தேடிப் பிடிக்க வேண்டும், வங்கியில் போய் நிற்க வேண்டும். நாள் குறையக் குறைய ஆட்டம் பெரியவர்களுக்குள்ளேயே சுருங்கிவிடும். "அவசரம், ஏழு நாளில் மூடுகிறோம்" என்று ஒரு அறிவித்தல் பார்த்தால் நான் முதலில் கேட்பது யாருக்கு அவசரம் என்பதுதான்.

விலைமனுப் பிணையைப் பற்றி, அதாவது விலை போட்டுவிட்டுப் பின்வாங்க மாட்டேன் என்பதற்குக் கொடுக்கிற உத்தரவாதத்தைப் பற்றி, ஒரு வரி. மதிப்பீட்டுத் தொகையில் ஒன்றிலிருந்து இரண்டு வீதத்துக்குள் வருகிற மாதிரி, ஆனால் எல்லாருக்கும் ஒரே ரூபாய்த் தொகையாகப் போடுவார்கள். ஏன் வீதமாகக் கேட்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் விலையில் இத்தனை வீதம் என்று இருந்தால், வங்கியில் பிணைக் கடிதம் அடிக்கிற பிள்ளைக்கும் அதைப் பார்க்கிற எவருக்கும் உங்கள் விலை தெரிந்துவிடும். ஒரே தொகை என்றால் கடிதத்திலிருந்து எதுவும் கசியாது. விதிப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. எழுதினவர் ஒருநாளாவது புறக்கோட்டையில் நின்றிருக்க வேண்டும்.

திறக்கும் நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகவே டெண்டர் போடலாம்.

மேசையின் மேல் ஒரு இரும்புப் பெட்டி. மேல்பக்கம் கவர் போகிற நீளமான வாய், பக்கத்தில் இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். மூடும் நேரம் பிற்பகல் இரண்டு மணி என்றால் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். மழையில் நனைந்தபடி ஒருவர் கொஞ்சம் பிந்தி ஓடிவந்தார். கவரை வாங்கவில்லை. அவர் கெஞ்சினார், கோபப்பட்டார், யாரோ ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னார். "சேர், நேரம் முடிஞ்சுது" என்பதைத் தவிர அந்தக் கிளார்க் வேறொன்றும் சொல்லவில்லை. கல்நெஞ்சம் என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அந்தக் கிளார்க்கைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. இரண்டு நிமிடம் பிந்தினவருக்கு இடம் கொடுத்தால், மற்றவர் விலையைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கும் இடம் கொடுக்க வேண்டிவரும்.

மூடின கையோடு திறப்பார்கள். நடுவில் தேநீர் இடைவேளை கிடையாது. கவர் கவராக வெட்டி, பெயர், மொத்த விலை, பிணை இருக்கிறதா இல்லையா, தள்ளுபடிக் கடிதம் ஏதும் உண்டா என்று சத்தமாக வாசிப்பார்கள். வந்திருக்கிற நாங்கள் எல்லாரும் குனிந்து கொப்பியில் எழுதுவோம். விலைப் பக்கத்தில் குழுவிலிருக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், பிறகு தாளை மாற்ற ஏலாதபடி. அந்த அரை மணித்தியாலத்தில் தள்ளுவண்டி யார் என்ன விலைக்குக் கொடுக்கிறார், யாருக்கு எங்கிருந்து சாமான் வருகிறது, யார் இந்த வருடம் களஞ்சியத்தைக் காலிசெய்யத் துடிக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பழைய சோனகர் தெருவில் பத்து வருடம் அடுத்தடுத்த கடையில் இருந்தாலும் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாது. இங்கே சத்தமாக வாசிக்கிறார்கள். டெண்டர் கிடைக்காத நாளிலும் நான் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், விவரக்குறிப்பு. சாமான் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிற அந்த ஒற்றைத் தாள்தான் பாதி டெண்டர்களின் முடிவை எழுதிவிடுகிறது. தள்ளுவண்டிக்கு என்ன வேண்டும்? இத்தனை லீற்றர் கொள்ளளவு, தகடு இத்தனை தடிப்பு, காற்றடிக்கிற டயர், துருப்பிடிக்காத பூச்சு. அவ்வளவுதான். ஒரு சபையின் தாளில் தட்டின் ஆழம் 193 மில்லிமீட்டர் என்றிருந்தது. 190 இல்லை, "ஏறத்தாழ" இல்லை, 193. ஈரக் குப்பை அள்ளுகிறவருக்கு அந்த மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது? அண்ணா தாளைப் பார்த்ததும் சிரித்தார். "இது கட்லொக்கைப் பார்த்து இறக்கினது" என்றார். எந்த இறக்குமதிக்காரரின் கட்லொக் என்பதையும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

விதி இதில் தெளிவாக இருக்கிறது. குறிப்பிட்ட பிராண்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கிற மாதிரி எழுதக்கூடாது. வேறு வழியே இல்லையென்றால் "அல்லது அதற்குச் சமமான" என்று சேர்க்க வேண்டும். மூடும் நாளுக்கு முன்னால் எழுத்தில் விளக்கம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டவர் பெயரைச் சொல்லாமல், பத்திரம் வாங்கின எல்லாருக்கும் பதில் அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. நான் கேட்டேன். "193 மி.மீ. என்பது குறைந்தபட்ச அளவா, சரியான அளவா? ஐந்து வீதம் கூடிக் குறைந்தால் ஏற்பீர்களா?" இரண்டே வரி, கோபம் எதுவும் இல்லாமல். ஒரு கிழமையில் திருத்தம் வந்தது, "170 இற்குக் குறையாமல்" என்று. அந்தச் சபைக்கு முழு மதிப்பெண். இதே கேள்வியை வேறொரு சபையிடம் வேறொரு சாமானுக்குக் கேட்டபோது பதிலே இல்லை. கடைசியில் மொத்தமே இரண்டு விலைமனு வந்தது.

பத்திரங்கள் பெரும்பாலும் சிங்களத்தில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். தமிழில் எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு. தமிழும் அரசகரும மொழிதான் என்பதை அறிவித்தல் பலகையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், ஆகவே சமாளிக்கிறேன். மலையகத்திலிருந்து வந்து புதிதாகக் கடை போட்டிருக்கிற பொடியனுக்கு வராது.

குறைந்த விலை போட்டவருக்குத்தான் கிடைக்கும் என்று நினைப்பதும் சரியில்லை. கேட்ட நிபந்தனைகளுக்குப் பெருமளவு பொருந்துகிற விலைமனுக்களை முதலில் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் மதிப்பிட்டுப் பார்த்து ஆகக் குறைவானதற்குக் கொடுக்க வேண்டும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு பார்க்கும், பெறுகைக் குழு தீர்மானிக்கும். ஒரு சாமானின் விலையும் மொத்தமும் பொருந்தாவிட்டால் ஒற்றை விலையைத்தான் எடுப்பார்கள், ஆகவே பெருக்கலை இரண்டு தடவை பாருங்கள். வற் வரியைச் சேர்க்காத விலை ஒரு நிரலில், 18 வீத வற் தனியாக. இதெல்லாம் புத்தகத்தில். நடைமுறையில், ஆகக் குறைந்த விலையைத் தவிர வேறெதையும் எடுக்க உத்தியோகத்தர்கள் பயப்படுகிறார்கள். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் கீழ், நட்டத்துக்கு உத்தியோகத்தரிடமே மிகைக்கட்டணம் அறவிடலாம், அதாவது அந்தக் காசை அவர் கையிலிருந்தே வாங்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் நிழலில் என்ன நடக்கிறது என்றால், தகடு மெல்லிசு என்று தெரிந்தும் மலிவான தள்ளுவண்டியை எடுத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் கால் வளைந்தால் கணக்காய்வாளர் கேட்கமாட்டார். கூடின விலைக்கு நல்லதை எடுத்தால் "ஏன்" என்று கேட்பார். பூட்டுப் போட்டிருக்கிற களஞ்சியத்தின் பின்னால் அந்த வளைந்த வண்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

50 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தமென்றால் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். பி.சி.ஏ. 3 என்று ஒரு சான்றிதழ். கொழும்பு 10 இல் கம்பனிப் பதிவாளர் இருக்கிற சமாகம் மெதுரவில் எடுக்க வேண்டும். எங்கள் மண்வெட்டிக் கணக்கு அந்த உயரத்துக்குப் போவது அபூர்வம்.

இப்போது கொட்டேஷன். புத்தகத்தில் இதற்கும் ஒழுங்கான இடம் உண்டு. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிற, குறைந்த பெறுமதிச் சாமானுக்காக நாலு பத்திரிகையில் அறிவித்தல் போட்டால் அறிவித்தல் செலவே சாமானை மிஞ்சும். ஆகவே குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்டு ஒருவரைத் தெரிவு செய்யலாம். நியாயமான ஏற்பாடு. பிரச்சினை எங்கே என்றால், யாரிடம் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது அவர்கள். வருடா வருடம் பதிவுசெய்த வழங்குநர் பட்டியல் இருக்கிறது. அதில் எங்கள் பெயரும் இருக்கிறது. பட்டியலில் இருப்பதற்கும் கடிதம் வருவதற்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் யார் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம்.

ஒரு நாள் ஒரு சபைக் கந்தோரிலிருந்து போன். குரல் மரியாதையானது.

"மிஸ், கையுறையும் பூட்ஸும் கொஞ்சம் வேணும். கொட்டேஷன் அனுப்புங்க."

"சரி சேர். எப்ப வேணும்?"

"நாளைக்கே. அப்படியே வேற ரெண்டு கடைப் பேரிலயும் சேர்த்து அனுப்பிடுங்க. கொஞ்சம் கூட்டிப் போட்டு. உங்களுக்குத்தானே கிடைக்கப் போகுது."

இதை அவர் ஏதோ உதவி செய்கிற மாதிரித்தான் சொன்னார். உண்மையில் அவருக்கு அது உதவிதான். மூன்று பேருக்குக் கடிதம் அனுப்பி, காத்திருந்து, ஞாபகமூட்டி, ஒப்பீட்டு அட்டவணை போடுவதற்குப் பதிலாக ஒரே போனில் வேலை முடிகிறது. எங்கள் தெருவில் இதற்கென்றே இரண்டு மூன்று கடைகளின் லெட்டர்ஹெட்டை இலாச்சியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விலைமனு மூன்று, டைப் அடித்த கொம்பியூட்டர் ஒன்று, சில நேரம் எழுத்துப் பிழையும் ஒன்றேதான். நான் எங்கள் கொட்டேஷனை மட்டும் அனுப்பினேன். ஓடர் வரவில்லை. அண்ணா இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அவர் பக்கத்தில் கடை வாடகை இருக்கிறது. நான் சொன்னது இவ்வளவுதான்: இன்றைக்கு நாங்கள் மற்றவர் பெயரில் அனுப்பினால், நாளைக்கு எங்கள் பெயரில், எங்களுக்கே தெரியாத விலையில், எங்கேயோ ஒரு பைலில் கொட்டேஷன் இருக்கும். அப்படி ஒன்று இப்போது இருக்கிறதோ என்னவோ. பொய்ப் பத்திரம் என்று பிடிபட்டால் கறுப்புப் பட்டியலில் ஏறுவது கடைதான், போன் எடுத்தவர் இல்லை.

இதன் ஒன்றுவிட்ட சகோதரம்தான் துண்டுபோடுவது. வருடத்துக்கு வேண்டிய பூட்ஸை ஒன்றாகச் சேர்த்தால் டெண்டர் போட வேண்டிய தொகை வரும். அதனால் மாதாமாதம் கொஞ்சமாக வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கொட்டேஷனுக்குள் அடங்கும். எல்லையைத் தாண்டாமலிருக்க வேண்டுமென்றே பிரிப்பது விதிக்கு நேர் எதிர். வருடத் தொடக்கத்திலேயே பெறுகைத் திட்டம் போடச் சொல்வதே இதற்காகத்தான். திட்டமிருந்தால் "திடீரென்று தேவைப்பட்டது" என்று பன்னிரண்டு மாதமும் சொல்ல ஏலாது. மழைக்காலம் வருமென்று தெரியாதா இவர்களுக்கு?

கொட்டேஷனுக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும், கடிதத்தைத் தபாலில் அனுப்பி, கவரை ஒட்டி வாங்கி, எல்லார் முன்னாலும் திறக்கிற ஒரு சில சபைகளுக்காக.

போட்டியே இல்லாமல் வாங்குகிற முறைகளைப் பற்றித் தெருவில் எல்லாரும் ஒரே குரலில் திட்டுவார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. நேரடி ஒப்பந்தம் என்பது வேண்டிய இடத்தில் வேண்டியதுதான். குப்பை அமுக்குகிற லொறி ஒரு கம்பனியுடையது, அதன் ஹைட்ரோலிக் பாகம் அந்தக் கம்பனி முகவரிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால், மூன்று பேரிடம் விலை கேட்பது நாடகம். ஏற்கனவே இருக்கிற உபகரணத்தோடு பொருந்த வேண்டும், உரிமை ஒருவரிடம்தான் இருக்கிறது, இயற்கை அனர்த்தம் போன்ற விதிவிலக்கான நிலைமை: இப்படிச் சில காரணங்களைப் புத்தகமே வரிசைப்படுத்தித் தந்திருக்கிறது. கேள்வி எப்போதும் காரணம் பைலில் எழுதியிருக்கிறதா, எழுதினவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதுதான். மண்வெட்டிக்கு "ஒரே முகவர்" என்று ஒரு சபை எழுதினதாகக் கேள்விப்பட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மண்வெட்டி இல்லாத ஒரு ஹார்ட்வெயார் கடையை எங்கள் தெருவில் காட்டினால் அவருக்கு நான் ஒரு மண்வெட்டி இலவசமாகத் தருகிறேன்.

அவசரக் கொள்வனவை நான் உள்ளிருந்து பார்த்தேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவெலைப் பக்கமெல்லாம் தண்ணீர். தண்ணீர் வடிந்தபிறகுதான் சபைக்கு உண்மையான வேலை தொடங்கும்: வீட்டுக்குள் நிற்கிற சேறு, கானில் அடைத்த மெத்தை, கிணற்றுக்குப் போட வேண்டிய டி.சி.எல். குளோரின் பவுடர். ஒரு சபையிலிருந்து இரவில் போன் வந்தது. சவல், வாளி, முழங்கால் பூட்ஸ், தள்ளுவண்டி, எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும். கொட்டேஷன் கேட்கவில்லை, கேட்கிற நேரமும் இல்லை. ஆனால் ஒன்று செய்தார்கள். சாமான் ஏற்ற வந்த உத்தியோகத்தர், லொறிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒவ்வொரு சாமானுக்கும் விலையை எழுதி, "வெள்ள அனர்த்தம், உடனடித் தேவை" என்று மேலே எழுதி, திகதியும் நேரமும் போட்டு, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லி, ஒரு பிரதியை எனக்குத் தந்தார். பிறகு குழுவிடம் பின்னங்கீகாரம் எடுக்க அந்தத் தாள்தான் ஆதாரம் என்றார். எனக்கு இதுவரை கிடைத்த ஓடர்களில் மிகச் சுத்தமானது அதுதான். விலையை நாங்களும் கூட்டவில்லை. அந்தக் கிழமை கூட்டின கடைகளும் இருந்தன, எல்லாருக்கும் தெரியும்.

கெடுவது அதற்குப் பிறகு. வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து, வீதியெல்லாம் கழுவி முடிந்து பல வாரம் போனபின்னும் "அனர்த்த நிலைமை" என்ற அதே வரியைப் போட்டு நாற்காலி வாங்கினால் அது விதிவிலக்கு இல்லை, சாட்டு.

மற்ற விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பு டெண்டரில் வாங்கின அதே சாமானை அதே விலைக்கு, ஒரு அளவுக்குள், திரும்ப ஓடர் செய்யலாம். விலை ஏறிக்கொண்டிருக்கிற காலத்தில் சபைக்கு லாபம், எங்களுக்குக் கை கடிக்கும். சின்னக் கான், கொங்கிறீட் ஒழுங்கை போன்ற வேலைகளைப் போட்டியில்லாமல் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற சமூக அமைப்புகளுக்குக் கொடுக்கவும் இடமுண்டு. ஹோமாகம, சீதாவாக்கைப் பக்கம் இதைப் பார்த்திருக்கிறேன். சங்கத்துக்காரர்கள் சீமெந்து வாங்க வரும்போது ரூபாய் ரூபாயாகப் பேரம் பேசுவார்கள். அது அவர்களுடைய சொந்த ஒழுங்கை. சபை உத்தியோகத்தர் எவரும் எங்களிடம் அப்படிப் பேரம் பேசியதில்லை.

இனிக் காசு. இங்கேதான் மொத்த ரிவியூவும் சரிகிறது. ஒன்றரை நட்சத்திரம், அதுவும் பெருந்தன்மையில்.

சாமான் இறக்கியாயிற்று. ஸ்டோர் கீப்பர் எண்ணிப் பார்த்து பொருள் ஏற்புச் சீட்டுத் தர வேண்டும். அவர் லீவு. பிறகு வவுச்சர், பிறகு கணக்காளர், பிறகு செக்கில் இரண்டு கையெழுத்து. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல்வரை தெரிவுசெய்த உறுப்பினர்களே இல்லாமல் உத்தியோகத்தர்கள்தான் நடத்தினார்கள். அப்போது கையெழுத்து கொஞ்சம் சீக்கிரம் கிடைத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு சபை எங்கள் பில்லை நிதியாண்டு மாறுகிறவரை வைத்திருந்து, "போன வருட ஒதுக்கீடு முடிஞ்சுது, மிஸ்" என்றது. சாமான் போன வருடம் தேய்ந்துகொண்டிருந்தது.

இதைத் தனி மனக்குறையாக மட்டும் சொல்லவில்லை. காசு பிந்தினால் விலை கூடும். அடுத்த டெண்டரில் நான் வங்கி வட்டியைச் சேர்த்துத்தான் போடுவேன், எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது டொலர் 200 சொச்சத்திலிருந்து மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. நிலையான விலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் பலர் சாமானே கொடுக்காமல் பிணையை இழந்துவிட்டு ஒதுங்கினார்கள். கொடுத்தால் அதைவிட நட்டம். அப்படி ஒதுங்கினவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. கவர் எண்ணிக்கை குறைந்தால் சபைக்குத்தான் நட்டம். எவ்வளவு சரியாக விதி எழுதினாலும், காசு கொடுக்காத வாடிக்கையாளரின் பெட்டிக்குள் யாரும் கவர் போட மாட்டார்கள்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு என்று ஒன்று இவர்களிடம் உண்டா என்று கேட்டால், உண்டு. அதன் பெயர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். தோற்ற டெண்டரில் ஏன் தோற்றோம் என்று முதலில் சாதாரணக் கடிதத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். மற்றவரின் வியாபார இரகசியம் என்று சிலதை மறைப்பார்கள். ஆனால் மதிப்பீட்டுச் சுருக்கம், எந்த நிபந்தனையில் யார் விழுந்தார்கள் என்பது கிடைக்கும். ஒரு தடவை எனக்குக் கிடைத்ததில், வென்றவருடைய மாதிரி சமர்ப்பித்த திகதி மூடும் நாளுக்குப் பிந்தியதாக இருந்தது. அதை வைத்து நான் எதுவும் செய்யவில்லை என்று அண்ணாவுக்குச் சொல்லியிருக்கிறேன். கணக்காய்வுக்கு ஒரு பிரதி போயிருக்கிறது.

யாருக்கு இந்த வாடிக்கையாளர் சரிவரும்? மாதக் கடைசியில் செக் பாஸாகாவிட்டால் கடை மூட வேண்டிவரும் என்கிறவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். மொத்த வியாபாரத்தில் கால்வாசிக்கு மேல் சபைகளை நம்பாதவர்களுக்கு, பேப்பர் வேலைக்குப் பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் இருப்பவர்களுக்கு, தாராளமாக. திறந்த டெண்டரை மட்டும் போடுங்கள். கொட்டேஷன் தானாக வந்தால் உங்கள் பெயரில் மட்டும் எழுதுங்கள். வழங்குநர் பதிவு அறிவித்தல்கள் வருடக் கடைசியில் வரும். வகைக்கு ஒரு கட்டணம், திருப்பித் தர மாட்டார்கள். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வற் பதிவு இருந்தால் அதன் பிரதி, வங்கிக் கடிதம் மூன்றையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள். விண்ணப்பத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் கந்தோர் சீலும் திகதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். தபாலில் போட்டால் "கிடைக்கவில்லை" என்பார்கள்.